சட்டைப் பைக்குள் அயர்ன் மெய்டன்: 2007 பெங்களூர் கேசட்டை என்ன செய்யலாம்?

பாளைக்காரன் · சனி, இரவு 10:40

பரண் சுத்தம் செய்யப் போய் மாட்டிக்கொண்டேன். பிஸ்கட் டின்னுக்குள் ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஓடாத வாட்ச் ஒன்று, அதற்கடியில் ஒரு 90 நிமிஷக் கேசட். அட்டையில் நண்பன் கையெழுத்தில் ‘மெய்டன், பெங்., 17-3-07’.

இங்கிலாந்து ராக் பேண்டு அயர்ன் மெய்டன் முதல் தடவையாக இந்தியாவில் வாசித்தது அன்றைக்குத்தான், பெங்களூர் பேலஸ் மைதானத்தில். ஜங்ஷனில் ராத்திரி பஸ் ஏறி நாங்கள் மூன்று பேர் போனோம். ஒருத்தன் அவனுடைய பெரியப்பாவின் கையடக்க டேப்ரிக்கார்டரைக் கொண்டுவந்திருந்தான். கன்வென்ஷன் கூட்டங்களில் பிரசங்கம் பதிய அவர் வைத்திருந்தது. கேசட்டும் பிரசங்கக் கேசட்தான். அழிந்துவிடக் கூடாது என்று மேல்விளிம்பின் இரண்டு பல்லையும் அவர் உடைத்துவைத்திருக்க, இவன் அந்த ஓட்டைகளின் மேல் செலோடேப் ஒட்டிவிட்டான்.

வாசலில் தடவிப் பார்ப்பார்கள் என்று மெஷினை ஒளித்துவைத்த இடம் அவன் தாத்தாவின் பட்டாபட்டி. ஜீன்ஸுக்குள் பட்டாபட்டி, அதன் பைக்குள் டேப்ரிக்கார்டர், மார்ச் மாத வெயில். உள்ளே போனதும் சட்டைப் பைக்கு மாற்றி, மேலே ஒரு கைக்குட்டையைப் போட்டுக்கொண்டான்.

இன்று சாயங்காலம் எதிர்வீட்டு டேப் செட்டை இரவல் வாங்கிப் போட்டுக் கேட்டேன். மூன்று தொல்லை. ஒன்று, டிரம் பலமாக விழும்போதெல்லாம் மற்ற எல்லாச் சத்தமும் பள்ளத்தில் இறங்கி, பிறகு மெதுவாக ஏறி வருகிறது. இரண்டு, பி பக்கத்தில் போகப் போகப் பாட்டு வேகமாகிறது. உற்சாகத்தில் அப்படி வாசித்தார்கள் என்றுதான் அன்றைக்கு எங்களுக்குள் பேச்சு.

மூன்றாவதுதான் வயிற்றெரிச்சல். ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ மெதுவான கிட்டாரில் தொடங்கும். கூட்டம் சொல்லே இல்லாமல் அந்த மெட்டை ஓ, ஓ என்று பாடும். மொத்தக் கேசட்டிலும் அருமையாக விழுந்திருப்பது அந்த இடம். ஆயிரக்கணக்கான குரல் ஒன்றாகச் சேர்ந்து எழுகிறது. சரியாக அங்கே மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பயல், அதுவும் நம்ம ஊர்ப் பேச்சில்: “ஏல, செருப்பு வாரு அந்துட்டுல. எங்கல போனான் அவன்? ஏல!” பெங்களூரில் அத்தனை பேர் நிற்க, இவன்தானா எங்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்?

கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சலை எடுத்து, அந்த வாயனையும் வெட்டிவிட்டு நல்ல கோப்பாகப் போடலாம் என்று பார்க்கிறேன். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரண்டு நிமிஷத் துண்டு இணைத்திருக்கிறேன்.

---

ஊசிக்கோபுரம் · சனி, இரவு 11:05

முதலில் அந்தப் பட்டாபட்டியை மியூசியத்தில் வையுங்கள்.

துண்டைக் கேட்டேன். நான் முருகன்குறிச்சியில் சர்ச் கொயருக்குக் கிட்டார் வாசிக்கிறவன், அதனால் கை தானாகக் கிட்டாரை எடுத்துவிட்டது. மெய்டன் சாதாரண ஸ்ருதியில்தான் வாசிப்பார்கள், அடிக்கம்பி ஈ என்ற ஸ்வரம். உங்கள் துண்டில் அது ஈயும் இல்லை, எஃபும் இல்லை, நடுவில் தொங்குகிறது. கால் ஸ்வரமாவது ஏறியிருக்கிறது. உற்சாகத்தில் வேகம் கூடலாம், கம்பியின் ஸ்ருதியுமா கூடும்? ஓடுவது டேப்தான் வே, பேண்டு இல்லை.

எதை வேண்டுமானாலும் செய்யுங்கள், ஆனால் முதல் பிரதியை எம்பி3 ஆக மட்டும் எடுக்காதீர்கள். வேவ் கோப்பாக எடுத்து, எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக்கில் வையுங்கள். எம்பி3 வெட்டி எறிந்தது எறிந்ததுதான்.

---

மேடைக்காரன் · சனி, இரவு 11:30

நான் வேறு மாதிரி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. இதை எதற்குக் கேட்க வேண்டும்? அந்த பேண்டே 1985-ல் ‘லைவ் ஆஃப்டர் டெத்’ போட்டிருக்கிறது, 2002-ல் ‘ராக் இன் ரியோ’ போட்டிருக்கிறது. இரண்டும் முறையாக மிக்ஸ் செய்தவை. அதை விட்டுவிட்டு, சட்டைப் பைக்குள் கைக்குட்டை போர்த்திய மோனோ மைக்கில் பிடித்ததைப் பத்திரப்படுத்தி என்ன செய்யப் போகிறீர்கள்?

நான் இருபது வருஷமாகக் கல்யாண வீடுகளில் கச்சேரி செய்கிறவன். போன வைகாசியில் வீரவநல்லூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் தொண்டை கட்டியிருந்தது. ஒரே ஒரு இடத்தில் மேல்ஸ்தாயி பிசிறியது. முன்வரிசையில் இருந்த ஒரு தம்பி அதை மட்டும் போனில் பிடித்து ஏற்றிவிட்டான். மூன்று மணி நேரம் பாடியதில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது அந்தப் பதினைந்து செகண்டு. நீங்கள் பொக்கிஷம் என்று சொல்வது மேடையில் நிற்கிறவனுக்குப் பல நேரம் திருட்டு.

---

டவுன்_டேப் · ஞாயிறு, காலை 6:15

தம்பி பாளைக்காரன், நான் டவுனில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை வைத்திருந்தவன். சீட்டில் பாட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தால் சாயங்காலம் கேசட் ரெடி. அந்தக் காலம் போச்சு, அது கிடக்கட்டும். உங்கள் துண்டை மூன்று தடவை கேட்டேன்.

பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது என்கிறீர்களே, அது கோளாறு இல்லை. அந்த மெஷின் படைக்கப்பட்டதே அப்படித்தான். பிரசங்கி ஒரு நேரம் கத்துவார், ஒரு நேரம் கிசுகிசுப்பார். இரண்டும் ஒரே அளவில் விழ வேண்டும் என்று உள்ளே ஒரு சர்க்யூட் இருக்கும், ஆட்டோ லெவல் என்போம். சத்தம் கூடினால் உடனே அமுக்கும், குறைந்தால் பைய ஏற்றிவிடும். அதன் கையில் ராக் கச்சேரியைக் கொடுத்தால் ஒவ்வொரு டிரம் அடிக்கும் பயந்து குனியும், பயம் தெளிந்து நிமிர்வதற்குள் அடுத்த அடி விழும். நீங்கள் கேட்பது அந்தக் குனிதலைத்தான்.

ஆனால் அதே சர்க்யூட் ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறது. கிட்டார் மட்டும் மெதுவாக வரும் இடத்தில் பயமுறுத்த டிரம் இல்லை. மெஷின் காதை முழுசாகத் திறந்துகொண்டு கூட்டத்தின் குரலை வாரி எடுத்திருக்கிறது. உங்களுக்குப் பிடித்த இடம் அத்தனை அழகாக விழுந்ததற்கு அதுதான் காரணம். செருப்பு அறுந்தவன் குரல் அத்தனை தெளிவாக விழுந்ததற்கும் அதேதான் காரணம். ஒன்றை வாங்கினால் இன்னொன்று கூடவே வரும்.

வேகம் கூடுவது பேட்டரி. கேசட் செகண்டுக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். மோட்டாருக்கு வேகத்தைச் சமாளிக்க ஏற்பாடு உண்டு, ஆனாலும் பேட்டரிக் கட்டை ஓரளவுக்கு மேல் இறங்கிவிட்டால் மோட்டார் தளரும். அன்றைக்கு டேப் மெதுவாக ஓடிப் பதிந்தது. இன்றைக்குச் சரியான வேகத்தில் ஓட்டினால் எல்லாம் வேகமாகக் கேட்கும். நூற்றுக்கு மூன்று பங்கு வேகம் பிசகினால் சுமார் கால் ஸ்வரம், ஆறு பிசகினால் அரை ஸ்வரம். கொயர்த் தம்பி காது நல்ல காது.

இன்னொன்று. சத்தம் மொத்தமாகப் போர்வைக்குள் இருந்து வருவது போல மங்கி இருக்கிறது. கைக்குட்டை மட்டும் காரணம் இல்லை. டேப்பைத் தொடும் முனையை ஹெட் என்போம். பதிந்த மெஷினின் ஹெட்டும் எதிர்வீட்டு செட்டின் ஹெட்டும் ஒரே கோணத்தில் நிற்காது. ஹெட்டுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கும். கேசட் ஓடும்போதே அதை மயிரிழை அளவு திருப்பிப் பாருங்கள், ஜால்ராச் சத்தம் பளிச்சென்று விழும் இடத்தில் நிறுத்துங்கள். திருப்பும் முன் எங்கே இருந்தது என்று மார்க்கரில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், இரவல் செட் பாருங்கள்.

மேடைக்காரனுக்கு அப்புறம் வருகிறேன், காபி ஆறுகிறது.

---

சுடலை_பேரன் · ஞாயிறு, காலை 8:50

ராக் எனக்கு ஆகாது, தலை வலிக்கும். ஆனால் இந்த இழையை விட்டுப் போக மனசு வரவில்லை.

எங்கள் ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடந்தால் முன்னால் வரிசையாக டேப்ரிக்கார்டர்கள் உட்கார்ந்திருக்கும். ஆளுக்கு முன்னால் இடம் பிடிக்கிறது மெஷின். வில்லுக்குப் பக்கத்தில் வைத்தால் வீசுகோல் அடியும் மணிச்சத்தமும் எல்லாவற்றையும் மூடிவிடும், குடத்துப் பக்கம் வைத்தால் டொம் டொம் மட்டும் கேட்கும். குழாய் ரேடியோவுக்கு அடியில் வைத்தால் பாட்டு தெளிவாக இருக்கும், ஆனால் தகரத்தில் பேசுவது போல இருக்கும். எங்கள் மாமா பின்பாட்டுக்காரருக்கு இடப்பக்கம் ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் வைப்பார். தரை அதிர்வு ஏறாது என்பது அவர் கணக்கு.

அந்தக் கேசட்டுகளில் ஒன்று என்னிடம் இருக்கிறது. முத்துப்பட்டன் கதை. பட்டன் சண்டைக்குக் கிளம்பும் இடம், அண்ணாவி உச்சத்தில் பாடுகிறார். அப்போது சாமி வந்துவிட்டது. பொம்பிளைகள் குலவை போடுகிறார்கள், அண்ணாவி குரல் அடியில் போய்விட்டது. உடுக்கைக்காரர் கதையை விட்டுவிட்டுச் சாமிக்கு அடிக்கிறார். யாரோ ‘தள்ளி நில்லு, தள்ளி நில்லு’ என்று கத்துகிறார். ஒரு பிள்ளை அழுகிறது. ஐந்தாறு நிமிஷம் கழித்து அண்ணாவி விட்ட அடியில் இருந்து எடுக்கிறார், ஒரு சொல் தவறாமல்.

ரேடியோவுக்காக ஸ்டுடியோவில் பாடிய வில்லுப்பாட்டும் கேட்டிருக்கிறேன். சுத்தமாக இருக்கும். சாமி வராது.

---

கல்லிடைக்காரி · ஞாயிறு, மதியம் 1:20

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி, சென்னையில் ஒலித்தொகுப்பு வேலை. சத்தத்தைக் கழுவித் துடைப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் பாளைக்காரன் அண்ணனுக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன்.

வேகத்தைச் சரி செய்யலாம். ஒரே அளவாகக் குறைத்தால் போதாது, பேட்டரி இறங்க இறங்கப் பிசகும் கூடியிருக்கும். பாட்டுக்குப் பாட்டு அடிக்கம்பி ஸ்ருதியைப் பார்த்து (82.4 ஹெர்ட்ஸ் வர வேண்டும்) படிப்படியாக இறக்க வேண்டும். உட்கார்ந்து செய்தால் ஒரு நாள் வேலை.

குனிந்து நிமிர்வதைக் கொஞ்சம் தணிக்கலாம், முழுசாக எடுக்க முடியாது. எவ்வளவு அமுக்கியது என்ற கணக்கை மெஷின் எங்கும் எழுதிவைக்கவில்லை.

டேப்பின் உஸ் சத்தத்தை எடுக்கலாம். ஆனால் இங்கேதான் எல்லோரும் கெடுத்துக்கொள்கிறார்கள். கூட்டத்தின் இரைச்சல், தூரத்துக் கைதட்டல், சிம்பல் அடித்தபின் நீளும் வால், இவை எல்லாமே சாப்ட்வேர் காதுக்கு உஸ் மாதிரிதான் தெரியும். கொஞ்சம் அழுத்தித் துடைத்தால் பேண்டு தாமிரபரணிக்குள் முங்கிக்கொண்டு வாசிப்பது போல ஆகிவிடும். எத்தனையோ நல்ல பதிவுகளை ஆசைப்பட்டவர்கள் இப்படித்தான் சோப்புப் போட்டுக் கொன்றிருக்கிறார்கள்.

செருப்புக்காரரை எடுக்கலாமா? இப்போதைய கருவிகளில் பேச்சுக் குரலைத் தனியாகப் பிரிக்க முடியும். ஆனால் அதே நேரம் அத்தனை பேர் பாடிக்கொண்டிருக்கிறார்களே, அதுவும் மனிதக் குரல்தான். இவரை இழுத்தால் அவர்களும் கூட வருவார்கள். அந்த இடத்தில் ஓட்டை தெரியும்.

மேடைக்காரன் அண்ணன் கேட்டதற்கும் ஒன்று. எல்லா மைக்கையும் கலக்கிற மிக்ஸரில் இருந்து நேராக எடுப்பதுதான் உயர்ந்தது என்று பலருக்கு நினைப்பு. அந்த மிக்ஸ் மைதானத்துக்காகச் செய்வது. மேடையில் ஆம்ப்ளிஃபயர் தானே கத்திக்கொண்டிருந்தால் மிக்ஸரில் கிட்டாரைக் குறைத்துத்தான் விடுவார்கள், சின்ன அரங்கமாக இருந்தால் சொல்லவே வேண்டாம். அந்த ஒயரில் மட்டும் காதை வைத்தால் பாடகர் காதுக்குள் கத்துவார், கிட்டார் பக்கத்து வீட்டில் இருக்கும், ஜனம் ஒருத்தருமே வரவில்லையோ என்று தோன்றும். அதனால்தான் சேகரிப்பவர்கள் மிக்ஸர் பதிவையும் கூட்டத்தில் பிடித்த பதிவையும் ஒன்றாகக் கலந்து மேட்ரிக்ஸ் என்று ஒன்று செய்கிறார்கள்.

பட்டாபட்டிக்கு முன்னோடி உண்டு, தெரியுமா? லாஸ் ஏஞ்சலீஸ்காரர் மைக் மில்லர்ட். நாகமிச்சி 550 டேப் டெக்கை மறைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அரங்கத்துக்குள் போவார், நடக்க முடிகிற மனிதர். லெட் ஸெப்பலின் 1977 ஜூன் 21 அன்று ஃபோரம் அரங்கத்தில் வாசித்ததை அவர் ஏகேஜி மைக்கில் பிடித்ததுதான் ‘லிசன் டு திஸ், எடி’ என்ற பெயரில் உலகம் சுற்றுகிறது. ஹெட்போனில் கேளுங்கள். டிரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு விரல் நீட்டலாம்.

1975-ல் அவர் பிங்க் ஃப்ளாய்டைப் பிடித்தார். ஐம்பது வருஷம் கழித்து, 2025 டிசம்பரில் வந்த ‘விஷ் யூ வேர் ஹியர்’ பொன்விழாப் பதிப்பில் அந்தப் பதிவைச் சுத்தம் செய்து பிங்க் ஃப்ளாய்டே சேர்த்துக்கொண்டது. மில்லர்ட் 1994-லேயே போய்விட்டார்.

---

மேடைக்காரன் · ஞாயிறு, மதியம் 2:10

தங்கச்சி, மில்லர்ட் ஒருத்தர். காசு பார்த்தவர்கள் ஆயிரம் பேர். 1972-ல் பிங்க் ஃப்ளாய்டு ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ பாட்டுகளை ஆல்பம் ஆக்கும் முன்பே மேடையில் வாசித்துப் பார்த்தார்கள். லண்டனில் எவனோ பிடித்து இசைத்தட்டாக விற்றுவிட்டான். ஆல்பம் 1973 மார்ச்சில்தான் வந்தது. அரைவேக்காட்டில் சோறு பரிமாறினது மாதிரி. சமையல்காரனுக்குக் கோபம் வருமா வராதா?

---

ஊசிக்கோபுரம் · ஞாயிறு, மதியம் 2:45

வரும், அண்ணே. அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவுக்கு வந்தது. அவர் 1991-ல் என்ன செய்தார் தெரியுமா? கள்ளத் தட்டுகளையே எடுத்து, அட்டைப் படம் உட்பட அப்படியே நகலெடுத்து, ‘பீட் தி பூட்ஸ்’ என்று முறையாக விற்றார். திருடன் வீட்டில் புகுந்து திருடினது மாதிரி.

கிரேட்ஃபுல் டெட் பேண்டு நேர் எதிர். 1984-ல் மிக்ஸருக்குப் பின்னால் பதிவு செய்கிறவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கி, அதற்கு டிக்கெட்டும் கொடுத்தார்கள். பேர்ல் ஜாம் 2000-ல் தங்கள் சுற்றுப்பயணக் கச்சேரிகளைத் தாங்களே பதிந்து 72 ஆல்பமாக விட்டார்கள். நீ எதற்குக் கஷ்டப்படுகிறாய், நானே தருகிறேன் என்று.

எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. பாளையில் ராக் கச்சேரி எங்கே நடந்தது? நாங்கள் ஞானப்பாட்டுக்குக் கார்டு பிடித்துப் பழகினவர்கள். மேடையில் இருக்கிறவன் இரண்டு பாட்டுக்கு நடுவில் என்ன செய்கிறான், கம்பியை எப்படி மீட்டுகிறான், தப்பினால் எப்படிச் சமாளிக்கிறான் என்பதெல்லாம் ஆல்பத்தில் கிடையாது. எனக்கு அதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது நாலாம் கை ஐந்தாம் கை கேசட்டுகள். நகலுக்கு நகல் உஸ் ஏறி, கடைசியில் மழையில் நின்று கேட்பது போல இருக்கும். எங்களுக்கு அதுதான் பாடசாலை.

---

வண்ணார்பேட்டை_வக்கீல் · ஞாயிறு, மாலை 4:00

சட்டம் யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம் 38-ம் பிரிவு நிகழ்த்துகிற கலைஞருக்கு உரிமை கொடுக்கிறது, 50 வருஷத்துக்கு. 39-ம் பிரிவில் விலக்கு உண்டு: பதிந்தவர் தன் சொந்த உபயோகத்துக்காகப் பதிந்த ஒலிப்பதிவு மீறல் ஆகாது. பரணில் வைத்துக் கேட்கலாம். ஊருக்கெல்லாம் ஏற்றிவிட்டால் அது சொந்த உபயோகம் இல்லை. டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன போட்டிருந்தது என்பது தனிக் கதை. அதோடு பதிந்தவர் நீங்கள் இல்லை, பட்டாபட்டி. ஃபீஸ் வேண்டாம்.

---

டவுன்_டேப் · ஞாயிறு, மாலை 5:30

மேடைக்காரன் தம்பி, கோபம் நியாயம். அந்தப் பதினைந்து செகண்டை ஏற்றினவன் செய்தது அயோக்கியத்தனம், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அவன் செய்தது வெட்டினது. மூன்று மணி நேரத்தையும் முழுசாகப் பிடித்து வைத்திருந்தால் உங்கள் பிசிறும் இருக்கும், அதற்கப்புறம் நீங்கள் எழும்பி வந்ததும் இருக்கும். முழுசாகப் பிடிக்கிறவன் வேறு ஜாதி.

என் கடைக்கு ஒருதரம் ஒரு பெரியவர் ஸ்பூல் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம், ஏதோ கல்யாண ஊர்வலத்தில் பிடித்தது. காருக்குறிச்சியார் 1964-ல் போய்விட்டார், பார்த்துக்கொள்ளுங்கள். 1962-ல் ‘கொஞ்சும் சலங்கை’க்கு அவர் வாசித்த ‘சிங்கார வேலனே’ எல்லோருக்கும் மனப்பாடம், அது சில நிமிஷப் பாட்டு. இந்த ஸ்பூலில் தோடியை மட்டும் மணிக்கணக்காக வாசிக்கிறார். நடுவில் வெடி போடுகிறார்கள். ஒருவர் ‘சர்பத்து எங்கப்பா’ என்கிறார். ஒரு பிடியில் நாகஸ்வரக்காரர் மூச்சை எடுக்கும்போது பக்கத்தில் யாரோ ‘ஆ...’ என்று விட்ட மூச்சும் விழுந்திருக்கிறது.

கேசட்டில் ஏற்றிக் கொடுக்கும்போது, நல்லது செய்வதாக நினைத்து அந்த வெடிச் சத்தங்களை எல்லாம் குறைத்துவிட்டேன். பெரியவர் கடையிலேயே உட்கார்ந்து கேட்டார். ‘ஊர்வலம் எங்கய்யா?’ என்றார். மறுபடியும் முதலில் இருந்து எடுத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

---

பாளைக்காரன் · ஞாயிறு, இரவு 9:10

சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அண்ணாச்சி சொன்ன மாதிரி ஸ்க்ரூவைத் திருப்பினேன். நம்ப மாட்டீர்கள், யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டது போல இருந்தது. சிம்பல் தனியாகக் கேட்கிறது. பின்னாலிருந்து அடிக்கிற விசில்கள் கேட்கின்றன. பி பக்கம் தொடங்கும் இடத்தில் இதுவரை கவனிக்காத ஒன்று: இருட்டில் கேசட்டைத் திருப்பிப் போட்டவன் முதலில் பிளேயை மட்டும் அமுக்கியிருக்கிறான் போல. ஆறு செகண்டு பிரசங்கம் அழியாமல் இருக்கிறது. ‘ஆகவே பிரியமானவர்களே, நாம்’ என்று பிரசங்கியார் தொடங்கி முடிப்பதற்குள் மூன்று கிட்டாரும் பாய்ந்து விழுகின்றன.

அப்புறம் அந்தச் செருப்புக்காரன். வீட்டுக்காரி காபி கொண்டுவந்தவள் அந்த இடத்தில் நின்றுவிட்டாள். “இது நீங்கள்லா?” என்றாள். நான் இல்லை என்றேன். அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா ஹெட்போனைக் காதில் வைத்து ஒரு செகண்டுகூட யோசிக்கவில்லை. “இவன்தான். நல்ல செருப்ப அத்துட்டு வந்து பஸ்ல களவு போச்சுன்னு சொன்னான்” என்றாள்.

என் குரல் எனக்கே தெரியவில்லை. இத்தனை நேரம் இந்த இழையில் வாயன் என்று ஏசினது என்னையேதான்.

---

கல்லிடைக்காரி · ஞாயிறு, இரவு 9:25

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அண்ணா. உங்கள் குரல் உங்களுக்குத் தெரியாததில் அதிசயம் இல்லை. பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் இல்லாமல் எலும்பு வழியாகவும் நம் காதுக்குப் போகிறது, அதனால் கனமாகக் கேட்கும். டேப்பில் காற்று வழி மட்டும்தான். எல்லோருக்கும் அது அந்நியன் குரல்தான்.

இன்னொன்று கவனித்தேன். உங்கள் துண்டில் ஒவ்வொரு ஸ்னேர் டிரம் அடிக்கும் பின்னால் மங்கலாக இன்னொரு அடி வருகிறது, சுமார் 0.2 செகண்டு தள்ளி. சத்தம் அதற்குள் கிட்டத்தட்ட 70 மீட்டர் போகும். அதாவது உங்களுக்குப் பின்னால் 35 மீட்டர் தூரத்தில் சத்தத்தைத் திருப்பி அடிக்கும் பெரிய தட்டியோ சுவரோ இருந்திருக்க வேண்டும். இருந்ததா?

---

பாளைக்காரன் · ஞாயிறு, இரவு 9:40

தகரத் தட்டி! ஆமாம், பின்னால் நீளமாகத் தகரம் அடைத்திருந்தார்கள். மூன்றாமவன் தண்ணீர் வாங்க அந்தப் பக்கம்தான் போனான். ‘எங்கல போனான்’ என்று நான் கேட்டது அவனைத்தான். திரும்பி வரும்போது பாட்டு முடிந்துவிட்டது. இப்போது துபாயில் இருக்கிறான், துண்டை அனுப்பினேன். ‘தண்ணி பாட்டில் விலை இன்னும் தரலல’ என்று பதில் வந்திருக்கிறது.

---

மேடைக்காரன் · ஞாயிறு, இரவு 10:15

சரி, ஒன்று கேட்கிறேன். ஏற்றப் போகிறீர்களா?

---

பாளைக்காரன் · ஞாயிறு, இரவு 10:30

பொதுவில் இல்லை, அண்ணே. வக்கீல் சார் சொன்னதும் நீங்கள் சொன்னதும் மனசில் இருக்கிறது. அன்றைக்குப் போன மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பிரதி, அவ்வளவுதான். இணைத்த துண்டையும் காலையில் எடுத்துவிடுகிறேன். வேகத்தை மட்டும் தங்கச்சி சொன்ன மாதிரி சரி செய்யப் போகிறேன். அசல் கோப்பு தொடாமல் தனியாக இருக்கும். உஸ் இருக்கட்டும். செருப்பும் இருக்கட்டும். பெரியப்பாவுக்கு மட்டும் அந்த ஆறு செகண்டைப் போட்டுக் காட்டலாமா என்று யோசிக்கிறேன். எண்பத்திரண்டு வயது, இன்னும் அந்தக் கேசட்டைத் தேடிக்கொண்டிருக்கிறாராம்.

---

ஊசிக்கோபுரம் · ஞாயிறு, இரவு 10:35

போட்டுக் காட்டுங்கள். ‘பிரியமானவர்களே’ முடிந்த இடத்தில் சட்டென்று நிறுத்தத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

---

சுடலை_பேரன் · திங்கள், காலை 7:05

டவுன்_டேப் அண்ணாச்சி, என் முத்துப்பட்டன் கேசட்டில் உள்ளே இருக்கிற பஞ்சுத் துண்டு விழுந்துவிட்டது, டேப்பை ஹெட்டோடு அழுத்துமே அது. சாமி வருகிற பக்கம் கேட்கவே மாட்டேன் என்கிறது. கடை இல்லை என்றாலும் உங்களிடம் சாமான் இருக்கும்லா?

---

டவுன்_டேப் · திங்கள், காலை 7:20

இருக்கு. புதன்கிழமை சாயங்காலம் கொண்டு வாரும். ஸ்க்ரூ வைத்த கேசட்டா, ஒட்டின கேசட்டா என்று மட்டும் பார்த்துச் சொல்லும். ஒட்டினதாக இருந்தால் பிளேடு வாங்கி வைக்க வேண்டும்.